ஆறு பக்கப் புகார்

மாதா கோயில் பாடகர் குழுவைப் பதினெட்டு வருடமாக நடத்திவந்த பாட்டு வாத்தியாரின் பெயரை, அடுத்த மாத நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து பங்குப் பேரவைக் கூட்டத்தில் வைத்தே பங்குத்தந்தை அடித்துவிட்டார்.

“ஏன் சாமி?”

“உங்க குரலைக் கேட்டா ஜனங்க எழுந்து ஓடுறாங்க.”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே ஆயருக்கு ஆறு பக்கம் புகார் எழுதினார். வீடு வீடாக ஏறி இறங்கி, மன்றாடியும் மிரட்டியும் நூறு கையெழுத்து வாங்கிச் சேர்த்தார். இரண்டே மாதத்தில் பங்குத்தந்தைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

அவர் மூட்டை கட்டும் அழகைக் கண்ணாரப் பார்க்க வாத்தியார் நேரிலேயே போனார்.

“எப்படி சாமி? என்னைச் சீண்டினா சும்மா விடுவேனா?”

பங்குத்தந்தை பெட்டியை மூடிவிட்டு எழுந்து வந்து வாத்தியாரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“ஊர்ல அம்மா தனியா, படுத்த படுக்கையா கிடக்கிறாங்க. மூணு வருஷமா அந்த ஊருக்கு மாற்றல் கேட்டேன். ‘ஜனங்க உங்க மேல உயிரையே வச்சிருக்காங்க’ன்னு ஆயர் விடவே இல்ல. உங்க புகார் போனதும் அங்கேயே மாத்திட்டார். மன்னிச்சிடுங்க அண்ணே, இந்தப் பங்குல உங்க அளவுக்கு ரோஷக்காரர் எனக்கு வேற யாரும் கிடைக்கல.”