சிவப்பு பட்டன்

“பெண்டாட்டி அங்க போராடிகினு இருக்கா, இவன் இங்க நுங்கு வாங்கிகினு நிக்கிறான் பாரு,” என்றாள் கமலாம்பாள்.

அவளும் சின்னப்பாப்பாவும் ஒரு லாரிக்கு உப்பு சுமந்து முடித்துவிட்டு, மரக்காணம் ஈ.சி.ஆர். ரோட்டோரம் நுங்கு கடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த லாரி வரும்வரை வேலை இல்லை.

எதிரே ஒரு வெள்ளை கார். பின்சீட்டில் வெளிநாட்டு குழந்தை சீட். அதில் இரண்டு வயதுப் பெண் குழந்தை தோள், இடுப்பு எல்லாம் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் வீறிட்டுக்கொண்டிருந்தது. அம்மாக்காரி குனிந்து, பெல்ட்டின் நடுவில் இருந்த சிவப்பு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். அது திறக்கவில்லை.

அப்பன்காரன் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“ஏம்பா, போய் கழட்டி விடக்கூடாதா? புள்ள கத்துது,” என்று கேட்டேவிட்டாள் கமலாம்பாள்.

“அவளே கழட்டிக்குவா,” என்றான் அவன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“குவைத்துல இருக்கானாம். இப்பதான் கடைக்காரர்கிட்ட சொல்லிகினு இருந்தான்,” என்று சின்னப்பாப்பா கிசுகிசுத்தாள். “அங்க சட்டை பட்டன் போடவே ஆள் வெச்சிருப்பான் போல.”

உப்பளத்தில் யாரும் வாய்விட்டு உதவி கேட்பதில்லை. கேட்கும் வரை யாரும் காத்திருப்பதும் இல்லை. ஒருத்தி கூடைக்குக் குனிந்தால் போதும், பக்கத்தில் இருப்பவள் தூக்கிவிட்டுவிடுவாள்.

கமலாம்பாள் எழுந்து காருக்குப் போனாள்.

“நவுரு கண்ணு.”

ஒரே அமுக்கு. ‘டக்’கென்று திறந்துகொண்டது. குழந்தையைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தாள்.

“இதுக்கா இவ்ளோ நேரம்?”

அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“ஏன் கண்ணு அழுவுற? இரு, உன் புருஷன நான் நாக்க புடுங்கற மாதிரி கேக்கறேன்.”

“ஐயோ, அவர ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. நான்தான் கிட்ட வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.”

“எதுக்கு?”

அவள் பெயர் லீமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு கையில மூட்டுவாதம் வந்துடுச்சு. கார் ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா இந்த பட்டன அமுக்க மட்டும் விரல்ல பலம் இல்ல. ஞாயித்துக்கிழமை அவர் குவைத்துக்குப் போயிடுவார். அப்புறம் வண்டியில நானும் ஜெனிஷாவும் மட்டும்தான். நாலு நாளா எங்க நிறுத்தினாலும் நான்தான் கழட்டிப் பாக்கறேன். இன்னிக்குதான் பட்டன் பாதி வரைக்கும் இறங்குச்சு.”

“பெல்ட்டு போடாமயே கூட்டிகினு போயேன்.”

“இந்த ரோட்டுலயா? பிரேக் போட்டா புள்ள முன்னாடி வந்து விழுந்துடும். ஆனா பெல்ட்ட போட்டுட்டு, அன்னிக்கு புயல்ல வந்த மாதிரி ரோட்டுல வெள்ளம் வந்துட்டா? யாரைக்கா கூப்பிடுவேன்?”

புயல் மழையில் ஊருக்குள் வெள்ளம் புகுந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கமலாம்பாளுக்கு, அவசரப்பட்டுக் கையை நீட்டி, அந்தப் பெண்ணின் நாலு நாள் பாட்டைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

குழந்தையை வாங்கி, வாயில் ஒரு நுங்கு ஊட்டினாள். மறுபடி சீட்டில் உட்காரவைத்து, லீமா சொன்னபடி பெல்ட்டை மாட்டினாள். பிறகு போய் அப்பன்காரன் பக்கத்தில், காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சின்னப்பாப்பாவையும் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தாள். நுங்குச் சாறு முழங்கை வரை வழிந்திருந்தது. அவன் ஒன்றுகூடத் தின்றிருக்கவில்லை.

லாரி டிரைவர் நடராசன் இவர்களைத் தேடிக்கொண்டு வந்தான். காரைப் பார்த்தான். குழந்தை மறுபடி அழ ஆரம்பித்திருந்தது.

“என்னா ஜென்மம் நீங்கல்லாம்? அந்தம்மா தனியா அல்லாடுது, மூணு பேரும் மரம் மாதிரி நிக்கிறீங்க?”

அவன் காரை நோக்கி நடக்க, கமலாம்பாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“விடு கெழவி. புள்ள அழுவுறது உன் காதுல விழல? கல்லு மனசா உனக்கு?”

இன்னும் என்னென்னவோ சொன்னான். உப்பளத்தில் யாருக்கும் ஒரு வார்த்தை மிச்சம் வைக்காத கமலாம்பாள், அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றாள். பிடித்த சட்டையை மட்டும் விடவில்லை.

‘டக்.’

எல்லோரும் திரும்பினார்கள். லீமா இரண்டு கட்டைவிரலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, உடம்பு பாரம் மொத்தத்தையும் கொடுத்து அமுக்கியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பெல்ட் விலகி, குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

“கழட்டிட்டேங்க,” என்றாள் புருஷனிடம். அவன் குவைத்திலிருந்து வந்த நாளில்கூட அவள் அப்படிச் சிரித்திருக்கமாட்டாள்.

கமலாம்பாள் நடராசன் சட்டையை விட்டாள். அப்பன்காரன் பக்கம் திரும்பினாள்.

“இருபத்தஞ்சு வருஷமா உப்பு சுமக்கறேன்பா. கைய கட்டிகினு நிக்கிறதுதான் ரொம்ப பாரமா இருக்குது.”