பனிமலைக்கு ஒரு பட்டியல்

"இதென்ன, வழிகாட்டிக்கு அன்பளிப்பு?"

பச்சை மைப் பேனா பன்னிரண்டாவது வரியில் நின்றது.

அவர் கருவூல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடம் அவள் அனுப்பிய சம்பளப் பட்டியல்களை அவரைப் போன்றவர்கள் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது சாப்பாட்டு மேசையில் நேருக்கு நேர்.

மேசைமேல் இமயமலை. இரண்டு பேர், எட்டு நாள், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரம். வழிகாட்டி, சமையல்காரர், கூடாரம், பை சுமக்கக் கோவேறு கழுதை.

மாலை ஆறு மணிக்குள் முன்பணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் இந்த வருடம் இடம் கிடையாது. அடுத்த வருடம் இருவருக்குமே அறுபத்தொன்று. அறுபதைத் தாண்டியவர்களை அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்வதில்லை.

இது அவருக்குத் தெரியும். ஆறு மணிவரை இழுத்தால் போதும் என்பதும் தெரியும்.

உண்மையைச் சொன்னால், அவருக்குப் பயம்.

பழனியில் யானைப்பாதையிலேயே மூன்று இடத்தில் உட்கார்ந்த மனிதர். மூச்சு வாங்குவதை மறைக்க மூன்று இடத்திலும் காலில் முள் குத்திவிட்டது என்றார். மூன்று முள்ளையும் அவள் குனிந்து தேடினாள்.

பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. பணம் இல்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"ஐம்பதாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது."

அவளுடைய ஓய்வூதியம் மகளின் வீட்டுக்கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே வீட்டில் பட்டியல் பாஸ் பண்ணும் அதிகாரம் அவரிடமே இருந்தது. காலையில் அவள் கொண்டுவந்து வைத்தது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு.

மூன்று இடத்திலாவது விலை விசாரித்தாயா என்றார்.

நான்கு இடத்தில் விசாரித்த தாள்களை எடுத்துவைத்தாள்.

விமானம் எதற்கு என்றார். ரயில் என்று மாற்றினாள். ரயிலில் ஏசி எதற்கு என்றார். அதையும் அடித்தாள். குளிர்ச்சட்டை வாடகைக்கு வந்தது. கோவேறு கழுதை போயே போய்விட்டது.

ஷூ எதற்கு என்று ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்த ஆட்சேபணையை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மூன்று முறை திருப்பி அனுப்பினால் எந்தப் பட்டியலும் சோர்ந்து படுத்துவிடும் என்பது அவருடைய சர்வீஸ் நம்பிக்கை. திரும்பிப்போன பட்டியல்களை யார் திருத்துகிறார்கள், எத்தனை மணிவரை உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவள் திருத்திக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது.

கடைசியாக மிஞ்சியது இந்த அன்பளிப்பு.

"சம்பளம் வாங்குறவனுக்கு எதுக்கு அன்பளிப்பு?"

"தீபாவளிக்கு எங்க ஸ்கூல் கிளார்க் கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸை உங்க ஆபீஸ்ல எந்தத் தலைப்புல எழுதுவீங்க?"

பன்னிரண்டாவது வரிக்குப் பச்சை டிக் விழுந்தது.

கூட்டினார். எழுபத்தெட்டாயிரம்.

மணி ஐந்தே கால்.

"பாரு, நானா வேணாங்கிறேன்? இருபத்தெட்டாயிரம் இடிக்குதே, என்ன செய்ய?"

முகத்துக்கு வருத்தத்தை வரவழைத்தார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அவள் அடிஸ்கேலை எடுத்தாள்.

சம்பளப் பட்டியலில் ஒரே ஒருவருக்குச் சிக்கல் என்றால், பள்ளிக்கூடமே சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்காது. அந்த ஒரு பெயரை எடுத்துவிட்டு மற்றவர்களுக்குப் பட்டியலை அனுப்புவார்கள். எல்லாத் தலைமை ஆசிரியருக்கும் தெரிந்த வழி.

ஸ்கேலை இரண்டாவது பெயருக்கு நடுவில் வைத்தாள்.

க. சௌந்தரபாண்டியன்.

பெயர் நீளம். கோடு போய்க்கொண்டே இருந்தது.

முப்பத்தொன்பதாயிரம். பதினோராயிரம் மிச்சம்கூட இருந்தது. அவள் ஒரு நிமிடம் யோசித்து, திரும்பி வருவதற்கு விமானம் என்று எழுதினாள். கோவேறு கழுதையையும் திரும்பச் சேர்த்தாள்.

அவருக்கு இடமில்லாத பட்டியலில் கழுதைக்கு இடமிருந்தது.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. எட்டு நாள் ஓட்டல் சாப்பாடு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் முதன்முதலாகப் பனியைப் பார்ப்பாள். பார்த்ததும், ஏங்க இங்க பாருங்களேன் என்று பக்கத்தில் திரும்புவாள். பக்கத்தில் எவனோ ஒரு வழிகாட்டி நிற்பான்.

"அப்ப நான்?"

"உங்க பேர்லதான் ஆட்சேபணை இருக்கே. தீர்ந்ததும் தனி பில் போட்டுக்கலாம்."

போனை எடுத்து முன்பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தாள். எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

அவர் எழுந்தார்.

படுக்கையறைக்குப் போனார். கதவை ஒருக்களித்துக்கொண்டார்.

பீரோவின் கீழ்த்தட்டு. தன் பழைய சர்வீஸ் கோப்புகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள். அதற்கும் அடியில் ஒரு வைப்புநிதி ரசீது. எட்டு வருடத்துக்கு முன் போட்டது. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சத்தம் வராமல் உருவினார்.

கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"அது சித்திரையிலேயே மெச்சூர் ஆயிடுச்சுங்க. வட்டியையும் சேத்து எழுதுங்க."