வெயில் பார்க்காத மணல்

இரும்புக் குழாய் குழிச்சுவர் மணலுக்குள் ஒரு சாண் இறங்கியதும் 'ணங்' என்றது.

மண் ஆய்வுக்கு வந்திருந்த தமிழ்ச்செல்வி சுத்தியலை நிறுத்தினாள். மார்பளவுக் குழிக்குள் அவளும், உதவிக்கு வந்த அங்கம்மாளும் குந்தியிருந்தார்கள். தலைக்கு மேல் கறுப்புத் தார்ப்பாய். வெளியே உச்சி வெயில். உள்ளே கண்ணெதிரே நீட்டிய கை தெரியவில்லை.

"கல்லாக்கா? கொஞ்சம் தடவிப் பாருங்க."

அங்கம்மாள் குழாயை உருவிவிட்டு ஓட்டைக்குள் விரல்களை விட்டாள்.

கல் இல்லை. மெல்லிய, வளைந்த விளிம்பு.

இந்த மணல் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று சோதனைக்கூடத்தில் சொல்லிவிடுவார்களாம். ஆறு இங்கே கடைசியாக ஓடிய காலம் அதில் தெரிந்துவிடும். ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் மணல் கெட்டுப்போகும். காலையிலிருந்து தமிழ்ச்செல்வி பத்து தடவை சொல்லிவிட்டாள்.

பழைய மணல் என்றால், மாகறலுக்கு வெளியே செய்யாற்றங்கரையில் இருக்கும் இந்தப் பதினேழு வீடுகளுக்கும் பட்டா. புது மணல் என்றால், வெள்ளம் ஏறும் இடம் என்று எழுதிவிட்டு, கல்குவாரி ஓரத்தில் மாற்று மனை.

அங்கம்மாளின் புருஷன் தேவராஜ் பத்து வயதிலிருந்து கொத்தடிமையாகக் கல் உடைத்த குவாரி. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட அவன் ஏறமாட்டான்.

அதனால்தான் காலையில் தமிழ்ச்செல்வி நோட்டோடு வீடு வீடாக வந்தபோது, பதினேழு வீடும் ஒரே பதிலைச் சொன்னது. ஆற்றுத் தண்ணீர் இங்கே ஏறினதே இல்லை.

அங்கம்மாள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு தமிழ்ச்செல்வி அண்ணாந்து பார்த்தாள். உப்பு, அரிசி, ரேஷன் கார்டு, எல்லாம் ஆளுயரத்துக்கு மேலே அடித்த பலகையில்.

"ஏங்க்கா அவ்ளோ உயரத்துல?"

"பூனைங்க பேஜாரு மேடம்."

"ரேஷன் கார்டையுமா தின்னுது உங்க ஊர்ப் பூனை?" என்று சிரித்தாள்.

அங்கம்மாளும் சிரித்து வைத்தாள்.

இப்போது விரல்கள் மணலைப் பறித்தன. டம்ளர். எவர்சில்வர் டம்ளர். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். முதல் எழுத்தின் சுழி விரல்நுனியில் தட்டியது.

அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே பேர், அவளுடையது. கூடவே, கல்யாணத் தேதி.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி விடியலில், அடுப்பங்கரையோடு தண்ணீரில் போனது.

"பெருசாக்கா?" தமிழ்ச்செல்வியின் கை, பழக்கத்தில், போனை எடுத்தது. பொத்தானைத் தேடும் விரல் அங்கம்மாளின் தோளில் உரசியது.

அங்கம்மாள் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"லைட்டு போடாதீங்க மேடம். மணலு கெட்டுடும்."

 

"எனக்கே பாடமா!" தமிழ்ச்செல்வி சிரித்துக்கொண்டே போனை உள்ளே போட்டாள்.

"கல்லுதான் கீது. எடுத்துட்டேன்."

டம்ளர் மடிக்குள் போயிற்று. வயிற்றில் சில்லென்று ஒட்டிக்கொண்டது.

"கல் கிடந்த இடத்துல கணக்கு தப்பா வரும். ஒரு முழம் கீழே அடிப்போம்," என்றாள் தமிழ்ச்செல்வி.

கீழே குழாய் சத்தமில்லாமல் இறங்கியது.

இரண்டு முனையையும் மூடி, கறுப்புத்துணி சுற்றி, வெளியே ஏறினார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. தமிழ்ச்செல்வி குழாயைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தாள்.

"கீழ்மண் நல்ல இறுக்கம்க்கா. ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும்னு தோணுது. பயப்படாதீங்க."

அங்கம்மாள் தலையாட்டினாள். ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும்வரை மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து முக்காலியைப் போட்டு ஏறினாள். டம்ளரை ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த ஐப்பசியில் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சரியாக ஒரு சாண் மேலே இருந்தது பலகை.

மழைக்கு முன்னால் இன்னொரு சாண் ஏற்றச் சொல்ல வேண்டும், தேவராஜிடம்.