முதல் தாளில் ஒரு முகம்

புலவர் இறந்த நாற்பதாம் நாள் அவருடைய பாட்டுகள் அச்சேறிக்கொண்டிருந்தன. முதல் தாளில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவர் மனைவி செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஐயா, இது அவரில்லையே!”

“எல்லாப் புஸ்தகத்துக்கும் படம் அச்சடிக்க, முகம் செதுக்கின இந்த ஒரு மரக்கட்டைதாம்மா. போன மாசம் இவரே வைத்தியர், அதுக்கு முந்தி ராஜா,” என்றார் அச்சுக்கூடக்காரர் மாசிலாமணி.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “பொறக்கப்போற பிள்ளைக்கு அப்பன் முகம்னு காட்ட வேற ஒண்ணுமில்ல. அவர் புருவத்துல இருந்த தழும்பையாவது போட்டுக் குடுங்க.”

மாசிலாமணி மனமிரங்கி உளியை எடுத்தார். “வெட்டிட்டா அழிக்க முடியாது. எந்தப் புருவம்?”

பதினோரு வருஷம் எதிரே உட்கார்ந்து சோறு உண்ட முகம். செங்கமலம் கண்ணை மூடினாள். தன் வலப்புருவத்தைத் தொட்ட விரல் மெல்ல இடப்புருவத்துக்குப் போனது. அங்கும் அது நிற்கவில்லை.