பீரோவுக்குப் பின்னால்

கதவைத் திறந்த தங்கையின் மூக்கு நுனியில் மஞ்சள் பெயிண்ட் அப்பியிருந்தது.

அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்து மூன்று மாடி ஏறி வந்திருந்தார் அண்ணன். படியேறும்போது ஒத்திகை பார்த்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் வீணாய்ப் போயின.

உள்ளே எட்டிப் பார்த்தார்.

எதிர்வீட்டுக்காரர் போனில் சொன்னது பொய்யில்லை. சோபா, டிவி, சாப்பாட்டு மேசை, பீரோ, எல்லாமே லாரியேறிப் போயிருந்தன. தரையில் ஒரு மெத்தை, ஒரு குக்கர், ஜன்னலோரம் சில பெயிண்ட் டப்பாக்கள். குடித்தனம் அவ்வளவுதான்.

இருபது வருஷம் வாய் நிறைய ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்ட தங்கை கணவரை, அவர் பிரிந்து போன அன்றே ‘அந்த ஆள்’ என்று இறக்கியிருந்தார். இப்போது அதற்கும் கீழே ஒரு சொல் கிடைக்குமா என்று தேடினார்.

“பாவி, துடைப்பத்தக்கூட விட்டு வைக்கலியா?”

“துடைப்பம் இருக்குண்ணா. கதவுக்குப் பின்னால.”

அப்போதுதான் சுவரைப் பார்த்தார்.

சாமான்கள் இருந்த இடங்கள் மட்டும் அழுக்குப் படாமல், கட்டம் கட்டமாக வெளுத்துத் தெரிந்தன. அந்தக் கட்டங்களில்தான் அவள் வண்ணம் அடித்திருந்தாள். ஓரிடத்தில் சதுரமாக ஆரஞ்சு. அதன் விலாவில் இடித்துக்கொண்டு மஞ்சள். பீரோ நின்ற இடத்தில் தொடங்கிய நீலம், கோட்டுக்குள் அடங்க மனமில்லாமல் கூரைவரைக்கும் போயிருந்தது.

பூவா, மரமா, முகமா என்றால் ஒன்றுமில்லை.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பதறினால் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். தேடியது.

தங்கைக்குப் பல் செட் செய்யும் இடத்தில் வேலை. வெள்ளையிலேயே பத்துப் பன்னிரண்டு வெள்ளை பிரித்துச் சொல்வாள். இத்தனை காலம் வெள்ளையோடு மாரடித்தவளுக்கு இந்த நேரத்தில் புத்தி கித்தி பிசகிவிட்டதோ?

“வாண்டு, கிளம்பு. கீழ வேன் நிக்குது. அண்ணி உனக்கு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா.”

நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் வாண்டுதான்.

அவளோ தலையைச் சாய்த்துச் சுவரையே பார்த்தாள். “அந்த சோபா இருந்த எடத்துக்கு மட்டும் என்ன கலர்னே புரியலண்ணா. மண்டையப் பிச்சுக்கறேன்.”

அவரும் பார்த்தார். நீளமான, தாழ்வான கட்டம். அதற்குச் சற்று மேலே வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சாப்பிட்டுவிட்டு அண்ணன் தலை சாய்த்துச் சாய்த்தே உண்டான கறை.

அவள் அதை அழிக்கவில்லை. சுற்றிலும் சிவப்பில் ஒரு வளையம் இழுத்து, அப்படியே விட்டிருந்தாள்.

அண்ணன் கிட்டப் போய் அந்த வளையத்தைப் பார்த்தார்.

“பச்ச,” என்றார்.

அவள் பிரஷ்ஷை நீட்டினாள்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதல் இழுப்பு கோணல். அடுத்தது அதைவிடக் கோணல். அவள் திருத்தவில்லை. ‘நேரா போங்க, நேரா போங்க’ என்று ஊருக்கெல்லாம் கத்துகிறவருக்கு, கோணலாகப் போவதில் இப்படியொரு சுகம் இருப்பது தெரியாமலே போயிருந்தது.

பாதிக் கட்டம் நிரம்பியதும் ஜன்னலுக்குப் போய், பச்சைக் கையை ஆட்டி வேனைத் திருப்பி அனுப்பினார்.

ஆனாலும் கோபம் ஆறவில்லை.

“இரு, அந்த ஆள் மேல ஒரு கேஸ் போடறேன். வீட்டையே வழிச்சுக்கிட்டுப் போயிருக்கானே!”

தங்கை ஆரஞ்சின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் பீரோ மட்டும்தாண்ணா கேட்டாரு.”

அண்ணனின் பிரஷ் நின்றது.

“அத நகத்தினதும் பின்னால இவ்ளோ பெரிய சுவர். ‘சோபாவையும் ஏத்துங்க’ன்னேன். அப்புறம் டிவி. லாரிக்காரர் ஒவ்வொண்ணுக்கும் ‘அக்கா, இதுவுமா, இதுவுமா’ன்னு கேக்கறாரு. சுவர் தெரியத் தெரிய, எனக்கு நிறுத்த மனசே வரல.”