கூறைச் சேலை

சனம் தானாகவே ஊரைவிட்டுப் போகட்டும் என்று படையினர் எல்லாக் கிணற்றுக் கயிறுகளையும் அறுத்தார்கள். மூன்றாம் நாள் காலை அன்னரத்தினம் தன் கலியாணக் கூறைச் சேலையை முறுக்கி, வாளியில் கட்டி, கோயில் கிணற்றுக்குள் இறக்கினாள்.

“அக்கா, சாகேக்க உடுத்திவிடுற சீலையெல்லோ! நாளைக்கு என்னத்தை உடுத்தி உங்களை எரிக்கிறது?” என்று பதறினாள் பக்கத்து வீட்டுப் பவளராணி.

“முதல்ல தண்ணியைக் குடிப்பம். சாகிறதைப் பிறகு யோசிப்பம்.”

வாளி பாதித் தூரம் ஏறியபோது, காவலுக்கு நின்ற சிப்பாய் வந்து கத்தியை உருவி ஒரே இழுப்பில் சேலையை அறுத்தான். வாளி தொப்பென்று விழுந்தது. கையில் மிஞ்சிய முந்தானையை அன்னரத்தினம் இடுப்பில் செருகிக்கொண்டாள். கிணற்றுக் கட்டை விட்டு அசையவில்லை.

பவளராணி வீட்டுக்கு ஓடினாள். தன் வாளியோடும் கூறையோடும் அவள் திரும்பி வந்தபோது, ஒழுங்கையின் இருபுறமும் வீட்டுப் படலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பூச்சி உருண்டை மணக்கும் கூறைகளோடு பெண்கள் வந்து பவளராணியின் பின்னால் நின்றார்கள். சிப்பாய் இன்னும் கத்தியை உறையில் போடவில்லை.

“வெட்டு,” என்றாள் அன்னரத்தினம், அடுத்த வாளியைக் கட்டியபடி. “உன்ரை கத்தி மழுங்குமட்டும் எங்களிட்டைச் சீலை இருக்கு.”