ஈரம் படக்கூடாது

"ஈரம் பட்டா செத்தோம், லூயிசா! கதவைச் சாத்து!"

விக்டர் கத்திய கத்தலில் தங்கை லூயிசா பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே அடையாறு முழுக்கக் கொட்டும் மழை. உள்ளே, செயற்கைக் காலுக்கான மஞ்சள் நார் ஓவனில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வழவழப்பான நாரை, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் பிளாஸ்மா மெஷினில் காட்டினால்தான் பசை பிடிக்கும்.

முதலில் செய்த மாதிரித் துண்டு கல்லாக ஒட்டியது. அதை நம்பித்தான் மெஷின் கம்பெனி தன் மெஷினை இவர்களிடம் இரவலாக விட்டுவைத்திருந்தது. அப்புறம் செய்ததெல்லாம் உரிந்துகொண்டு வந்தது.

"மெட்ராஸ் ஈரக் காத்துதான் நமக்கு எமன்" என்று ராத்திரி பகலாக ஏசியை ஓடவிட்டான் விக்டர். இன்று கடைசி வாய்ப்பு.

சாயங்காலம் வந்த கம்பெனிக்காரர், ஒட்டி முடித்த நாரை நகத்தால் லேசாக நெம்பினார். வாழைமட்டை மாதிரி உரிந்து வந்தது.

"சாரி விக்டர். மெஷினை எடுத்துக்கறோம்."

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை... உங்க கால்ல வேணா விழறேன்!"

மெஷினை ஏற்றிக்கொண்டு வண்டி தெருமுனை திரும்பியது. விக்டர் வெறும் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"மொதல் தடவை மட்டும் எப்படி ஒட்டிச்சு? அன்னிக்கு செஞ்ச மாதிரியேதானே எல்லாம் செஞ்சோம்?"

லூயிசா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இல்லண்ணா. அன்னிக்கு ஏசித் தண்ணி ஒழுகி நார் ஈரமாயிடுச்சு. நீ கத்துவியேன்னு பயந்து, சும்மா துணியால ஒத்திட்டு மெஷின்ல வெச்சிட்டேன்."